சான்றிதழ் வாங்கி 2 மாதம்தான்... 4 கோடி கார்டு விவரங்கள் காலி! பிசிஐ விதியும் சிஸ்டம் ஹார்டனிங்கும் ஏன் சேர்ந்தே இருக்கணும்?

2013 செப்டம்பர். அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், கார்டு பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளை முறையாகப் பின்பற்றுகிறது என்று சான்று பெற்றது. அடுத்த 2 மாதம் கழித்து, நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, அதே டார்கெட் கடைகளில் தேய்க்கப்பட்ட சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. அமெரிக்காவில் பண்டிகைக் கால ஷாப்பிங் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை.

"அதான் சான்றிதழ் இருக்கே, அப்புறம் எப்படி?" என்று கேட்கத் தோன்றும். இன்று நம்ம ஊரில் கார்டு பணம் வாங்கும் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும், கீழே ஒரு ஓரத்தில் 'பிசிஐ டிஎஸ்எஸ்' என்று ஒரு முத்திரை இருக்கும். அந்த முத்திரை எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள டார்கெட் கதைதான் சரியான இடம்.

முதலில், பிசிஐ டிஎஸ்எஸ் என்றால் என்ன?

விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகிய 5 கார்டு நிறுவனங்களும் ஆரம்பத்தில் ஆளுக்கொரு பாதுகாப்பு விதி வைத்திருந்தன. அதையெல்லாம் ஒன்றாக்கி 2004 டிசம்பரில் வந்ததுதான் பிசிஐ டிஎஸ்எஸ். இதைக் கவனித்துக்கொள்ள 2006-ல் தனியாக ஒரு கவுன்சிலும் அமைக்கப்பட்டது. இது எந்த அரசாங்கமும் போட்ட சட்டம் இல்லை. "எங்க கார்டை வாங்கணும்னா இப்படித்தான் நடந்துக்கணும்" என்ற ஒப்பந்த நிபந்தனை. மீறினால் அபராதம் வங்கி வழியாக வணிகரிடம் வந்து சேரும்.

மொத்தம் 12 பெரிய விதிகள். கார்டு எண்ணைக் குறியாக்கம் செய்யாமல் வைக்காதே, பணம் கழிந்த பிறகு சிவிவி எண்ணை எந்த வடிவத்திலும் வைத்திருக்காதே, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவை 12 மாதம் வை என்ற ரீதியில் போகும். கிளை விதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது 2024 ஜூனில் வந்த 4.0.1 பதிப்பு. இதில் அவகாசம் கொடுத்து ஒத்திவைக்கப்பட்டிருந்த புதிய விதிகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகிவிட்டன.

நமக்கு இங்கே முக்கியம், 2-வது விதி. சுருக்கமாகச் சொன்னால்: "கார்டு விவரம் புழங்கும் எல்லா சிஸ்டத்தையும் பாதுகாப்பான செட்டிங்கில் வை. அந்த செட்டிங், துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹார்டனிங் தரநிலைகளுக்கோ தயாரிப்பாளரின் பரிந்துரைக்கோ ஒத்து இருக்கணும்." எந்த செட்டிங், எந்த பட்டன், எத்தனை நிமிடம் என்று பெரும்பாலான விஷயங்களில் பிசிஐ சொல்லாது. அந்த வேலையை வேறு ஒருவரிடம் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது.

அந்த வேறு ஒருவர் யார்?

'ஹார்டனிங்' என்ற சொல்லுக்கு டெஸ்க்கில் அரை மணி நேரம் தமிழ் தேடினோம். 'கெட்டிப்படுத்துதல்' என்றால் சிமென்ட் விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'இறுக்குதல்' ஓரளவு பக்கத்தில் வருகிறது. கடைசியில் ஐடி ஊழியர்கள் சொல்வது போலவே ஹார்டனிங் என்றே விட்டுவிட்டோம்.

விஷயம் எளிமையானதுதான். புதிதாக வாங்கிய வைஃபை ரவுட்டரை நினைத்துப் பாருங்கள். யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று வரும் ரவுட்டர்கள் எத்தனையோ. நம்மில் பலர் அதை மாற்றுவதே இல்லை. கம்ப்யூட்டர், சர்வர், டேட்டாபேஸ் எல்லாமே இப்படித்தான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. வாங்குபவருக்கு உடனே வேலை செய்யணும் என்பதற்காக எல்லாக் கதவும் பாதி திறந்தே இருக்கும். தேவையில்லாத கதவுகளை மூடுவது, ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றுவது, பயன்படாத கணக்கை நீக்குவது... இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஹார்டனிங்.

இதற்குப் பட்டியல் போட்டுத் தருபவர்களில் முக்கியமானது சிஐஎஸ் எனப்படும் 'சென்டர் ஃபார் இன்டர்நெட் செக்யூரிட்டி'. 2000-ல் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அமைப்பு. விண்டோஸ், லினக்ஸ், ஆரக்கிள், சிஸ்கோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'பெஞ்ச்மார்க்' என்ற பெயரில் கையேடு வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஏன் மாற்றணும், மாற்றியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது என்று எழுதியிருப்பார்கள். பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்க ராணுவத் துறை 'ஸ்டிக்' என்ற பெயரில் இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறது, அது இன்னும் கறார்.

டார்கெட்டில் என்னதான் நடந்தது?

திருடர்கள் நேராக டார்கெட்டின் கதவைத் தட்டவில்லை. டார்கெட்டுக்கு ஏசி, குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்கு ஒரு போலி மெயில் போனது. அதன் மூலம் அந்த நிறுவனத்தின் லாக்-இன் விவரம் திருடப்பட்டது. பில் அனுப்பவும் வேலை விவரம் பார்க்கவும் கொடுத்திருந்த லாக்-இன் அது.

ஏசி மெக்கானிக்கின் லாக்-இன்னில் நுழைந்தவர்கள், கேஷ் கவுன்ட்டர் வரை எப்படிப் போனார்கள்? இதுதான் மொத்தக் கதையின் நடு முடிச்சு. உள்ளே நுழைந்த பிறகு அவர்களைத் தடுக்கச் சரியான சுவர் இல்லை. அமெரிக்க செனட் குழு 2014 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வும், முக்கியமான சிஸ்டங்களை டார்கெட் சரியாகத் தனிமைப்படுத்தவில்லை என்றுதான் தெரிகிறது என்று சொன்னது.

பில்லிங் மெஷின்களில் அவர்கள் வைத்த மால்வேர் செய்த வேலை ஒன்றுதான். கார்டைத் தேய்த்ததும் அதன் காந்தப் பட்டையில் உள்ள விவரம் குறியாக்கம் ஆவதற்கு முன் மெஷினின் மெமரியில் ஒரு நொடி அப்படியே கிடக்கும். அந்த ஒரு நொடியில் அள்ளிக்கொண்டது. சேமித்து வைத்த கார்டு எண்ணைக் குறியாக்கம் செய்திருந்தாலும் இந்தத் திருட்டை அது தடுத்திருக்காது.

கொஞ்சம் வலிக்கும் இன்னொரு விஷயம் இருக்கிறது. டார்கெட் அப்போதுதான் நிறையப் பணம் போட்டு மால்வேரைக் கண்டுபிடிக்கும் ஒரு சிஸ்டம் வாங்கியிருந்தது. அது வேலையும் செய்தது. பெங்களூருவில் இருந்த டார்கெட்டின் கண்காணிப்புக் குழுவுக்கு எச்சரிக்கை வந்தது, அவர்கள் அமெரிக்காவின் மினியாபோலிஸ் தலைமையகத்துக்குச் சொன்னார்கள். அங்கே உடனே எதுவும் நடக்கவில்லை. பல நாள் கழித்து, டிசம்பர் 12-ல் அமெரிக்க நீதித்துறையே கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வேகம் பிடித்தது.

இறைச்சித் தராசு வழியாக கேஷ் கவுன்ட்டருக்கு...

திருட்டு வெளியே தெரிந்த பிறகு, டார்கெட்டே வெரைசான் நிறுவனத்தின் பாதுகாப்பு நிபுணர்களை அழைத்து "எங்க நெட்வொர்க்கை உடைச்சுப் பாருங்க" என்றது. அந்த ரகசிய அறிக்கையின் விவரங்களை 2015-ல் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியிட்டார். அதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

நிபுணர்கள் ஒரு கடையில் இறைச்சி எடை போடும் தராசைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்து வேறொரு கடையின் கேஷ் கவுன்ட்டர் மெஷினுடன் நேரடியாகப் பேச முடிந்தது. தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். 5,47,470 பாஸ்வேர்டுகளில் 4,72,308 பாஸ்வேர்டுகளை ஒரே வாரத்தில் உடைத்துவிட்டார்கள். அதாவது 86 சதவீதம். பலவீனமான பாஸ்வேர்டும், தயாரிப்பாளர் கொடுத்த ஆரம்ப பாஸ்வேர்டும் அங்கங்கே கிடந்தன. இத்தனைக்கும் டார்கெட்டில் பாஸ்வேர்டு கொள்கை என்று ஒன்று எழுத்தில் இருந்தது. அது நடைமுறையில் இல்லை என்பதுதான் நிபுணர்கள் சொன்னது.

'கொள்கை இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று டிக் போடலாம். அந்த டிக்கைப் பார்த்து எந்தத் திருடனும் திரும்பிப் போவதில்லை.

2014 ஏப்ரலில் டார்கெட் தான் செய்த திருத்தங்களை அறிவித்தது. அனுமதிக்கப்பட்ட புரோகிராம் மட்டுமே பில்லிங் மெஷினில் ஓடும். நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்தாச்சு. ஒப்பந்ததாரர் கணக்குகள் பல முடக்கம். 4,45,000 பாஸ்வேர்டுகள் மாற்றம். இதையெல்லாம் திரும்பப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஹார்டனிங் பட்டியல்தான். அதே மாதத்துக்கு முன்பே தொழில்நுட்பத் தலைவர் விலகிவிட்டார், மே மாதம் சிஇஓவும் விலகினார். 2017-ல் அமெரிக்க மாநிலங்களுடனான வழக்கை முடிக்க 1.85 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது.

சரி, சிஐஎஸ் பட்டியலை மட்டும் பின்பற்றினால் போதாதா?

போதாது. இதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்த்துவிடலாம். இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கணக்கு 'லாக்' ஆகணும் இல்லையா? பிசிஐ சொல்வது: அதிகபட்சம் 10 தடவை தப்பு செய்யலாம், அதற்குமேல் குறைந்தது 30 நிமிடம் பூட்டு. விண்டோஸ் சர்வருக்கான சிஐஎஸ் கையேடு சொல்வது: அதிகபட்சம் 5 தடவை, பூட்டு குறைந்தது 15 நிமிடம்.

சிஐஎஸ்-தானே கறார் என்று நினைத்து 5 தடவை, 15 நிமிடம் என்று வைத்தால் பிசிஐ தணிக்கையில் மாட்டுவீர்கள், 30 நிமிடம் இல்லையே. பிசிஐ போதும் என்று 10 தடவை, 30 நிமிடம் என்று வைத்தால் சிஐஎஸ் ஸ்கேனில் சிவப்புக் கோடு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியிலும் எது கறாரோ அதை எடுத்தால் விடை வந்துவிடும்: 5 தடவை, 30 நிமிடம்.

பாஸ்வேர்டு நீளமும் இதே கதைதான். பிசிஐ முன்பு 7 எழுத்து போதும் என்றது, இப்போது 12 கேட்கிறது. சிஐஎஸ் கேட்பது 14. ஆக 14. பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போடக் கூடாது என்பதில் பிசிஐ கடைசி 4-ஐப் பார்க்கிறது, சிஐஎஸ் கடைசி 24-ஐப் பார்க்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி: 15 நிமிடம்.

பதிவுகள் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஒன்று இல்லாமல் இன்னொன்று பாதி வேலைதான் செய்யும். யார் லாக்-இன் செய்தார், எதைத் தொட்டார் என்ற பாதுகாப்புப் பதிவுக்கு விண்டோஸில் குறைந்தது 1,96,608 கேபி, அதாவது 192 எம்பி இடம் ஒதுக்கச் சொல்கிறது சிஐஎஸ். கூட்டம் அதிகமுள்ள சர்வரில் இது சீக்கிரமே நிரம்பி, பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். பிசிஐ கேட்பதோ 12 மாதப் பதிவு, அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில். எனவே சிஐஎஸ் சொன்னபடி எதையெல்லாம் பதிவு செய்யணுமோ அதை மெஷினில் பதிவு செய்து, அங்கேயே வைத்திருக்காமல் வேறொரு மைய சர்வருக்கு உடனுக்குடன் அனுப்பணும். எதைப் பதிவது என்பதை ஒன்று சொல்கிறது, எவ்வளவு நாள் வைப்பது என்பதை இன்னொன்று சொல்கிறது.

தேவையில்லாததை அணை

பிசிஐயின் கிளை விதி ஒன்று, தேவையான சேவைகள் மட்டும் ஓடட்டும், மற்றதை எல்லாம் நிறுத்து என்கிறது. நல்ல விதி. ஆனால் ஒரு விண்டோஸ் சர்வரில் நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகள் இருக்கும், எது தேவை எது தேவையில்லை என்று யார் சொல்வது?

2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை உலகம் முழுக்க ஐடி ஊழியர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஞாபகம் இருக்கலாம். பிரிண்ட் எடுக்க உதவும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேவையில் இருந்த குறை வழியாக, சர்வரையே கைப்பற்ற முடிந்தது. ஒரு நிறுவனத்தின் எல்லா லாக்-இன்னையும் நிர்வகிக்கும் மெயின் சர்வரில் யாரும் போய் பிரிண்ட் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தச் சேவை தானாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வகை சர்வரில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து என்று சிஐஎஸ் கையேடு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிசிஐ சொன்ன ஒரு வரி, சிஐஎஸ்ஸில் இப்படித்தான் செய்யக்கூடிய வேலையாக மாறுகிறது.

அப்படியானால் ஏன் எல்லாரும் செய்வதில்லை?

பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான செட்டிங்கை ஒரே ராத்திரியில் மாற்றினால், காலையில் பில்லிங் மெஷின் திறக்காமல் போகலாம். பழைய மென்பொருள் ஒன்று பழைய இணைப்பு முறையை நம்பி ஓடிக்கொண்டிருக்கும், அதை மூடியதும் அது செத்துவிடும். சிஐஎஸ்ஸுக்கே இது தெரியும். அதனால்தான் பட்டியலை லெவல் 1, லெவல் 2 என்று பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது பெரும்பாலும் வேலையைக் கெடுக்காது. இரண்டாவது கறாரானது, சில வசதிகள் நின்றுபோகலாம்.

எனவே முதலில் சோதனை சர்வரில் மாற்றிப் பார்க்கணும். எதை மாற்ற முடியவில்லையோ அதை ஏன் முடியவில்லை, அதற்குப் பதில் என்ன பாதுகாப்பு என்று எழுதி வைக்கணும். பாதுகாப்பில்லாத சேவையைத் தவிர்க்க முடியாவிட்டால் காரணத்தை எழுதி, கூடுதல் பாதுகாப்பு போட பிசிஐயும் அனுமதிக்கிறது. சிலர் இந்த 'விதிவிலக்கு' ஃபைலையே நிரந்தர வீடாக்கிக் குடியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு தொல்லை, நாளாக ஆக செட்டிங் நழுவுவது. தணிக்கை முடிந்த மறுநாள் ஒருவர் "இந்த போர்ட்டை ரெண்டு மணி நேரம் திறந்து வைப்பா" என்பார். ரெண்டு மணி நேரம் ரெண்டு வருடமாகும். டார்கெட் பெற்ற சான்று பொய் என்று சொல்ல வேண்டியதில்லை, தணிக்கை என்பது தணிக்கையாளர் பார்த்த நாளின், பார்த்த சிஸ்டத்தின் படம். மிகப் பெரிய வணிகர்களுக்குத்தான் வெளித் தணிக்கையாளர் நேரில் வந்து பார்ப்பதும். சிறிய வணிகர்கள் பலர் கேள்வித்தாளைத் தாங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அதனால்தான் பிசிஐயிலேயே சில வேலைகளுக்குக் கெடு இருக்கிறது. ஆபத்தான ஓட்டைக்கு அப்டேட் வந்தால் ஒரு மாதத்துக்குள் போடணும். முக்கியமான ஃபைல் மாறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது ஒப்பிடணும். சிஐஎஸ் செட்டிங்கும் நழுவியிருக்கிறதா என்று சரிபார்க்க தானியங்கி கருவிகள் இருக்கின்றன. இந்த வாரச் சோதனையில் அதையும் சேர்த்து ஓட்டிவிட்டால் வருடாந்திர தணிக்கைக்குத் தனியாக அலைய வேண்டியிருக்காது. அமேசான், மைக்ரோசாஃப்ட் கிளவுடில் முன்பே ஹார்டன் செய்யப்பட்ட சர்வர் வடிவங்களும் கிடைக்கின்றன.

நம்ம நாட்டில்?

இந்தியாவும் அடி வாங்கியிருக்கிறது. 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்து, வங்கிகள் அவசர அவசரமாக கார்டை முடக்கின, பின் நம்பரை மாற்றச் சொன்னார்கள். வங்கிகளுக்கு ஏடிஎம் சேவை தரும் ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ், தன் சிஸ்டத்தில் மால்வேர் புகுந்ததை 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. 2018 ஆகஸ்டில் புனேவின் காஸ்மோஸ் வங்கியில், கார்டு பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் சிஸ்டத்துக்குப் பதிலாக போலி ஏற்பாடு ஒன்றை நுழைத்து, 28 நாடுகளில் ஏடிஎம்களிலிருந்து பணம் எடுத்தார்கள். இழப்பு மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய்.

ஆன்லைன் வணிகர்களுக்குப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்கள் பிசிஐ விதியைப் பின்பற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-ல் விதித்தது. அடுத்து அது எடுத்த முடிவுதான் பெரிது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் உங்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. வணிகரிடம் இருப்பது 'டோக்கன்' என்ற மாற்று எண், கூடவே அடையாளத்துக்குக் கடைசி 4 இலக்கம். திருடுபோனாலும் அந்த டோக்கன் வேறு கடையில் செல்லாது.

உங்கள் கார்டில் நீங்கள் செய்யாத பரிவர்த்தனை வந்தால்?

உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை பிளாக் செய்யுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை இழப்பு உங்கள் தலையில். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு முழுக்க உங்களுடையது. புகார் கொடுத்ததற்கான எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணையும் அழைக்கலாம்.